பழைய பாய்மரப் படகின் தளத்தில் இருப்பவை என்னென்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் விலைக்கு வரும் பழைய பாய்மரப் படகுகளில் பல, ஐரோப்பாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ கடல் கடந்து வந்தவை. வந்தவர்கள் பயணம் போதும் என்று முடிவெடுத்து, இங்கேயோ லங்காவியிலோ படகை விற்றுவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். வாங்குபவருக்குக் கையேடு கிடைக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இருக்கமாட்டார். பத்து உபானிலும் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாத எதையும் கழற்றக் கூடாது என்பது என் கட்சி. காரணங்கள் பதில்களில் இருக்கின்றன.

படகை வாங்கிவிட்டேன். தளம் முழுக்க வளையங்களும் கொக்கிகளும் மூடிகளுமாக இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுங்கள். தளத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். இடப்புறத்தில் ஒன்று இருந்தால் வலப்புறத்தில் அதன் ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடியாக இருப்பவை பெரும்பாலும் முன்பாயைச் சேர்ந்தவை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பாயை மறுபக்கத்தில் இழுத்துக் கட்ட வேண்டும் என்பதால், எல்லாமே இரண்டிரண்டாகத் தேவைப்படும். நடுக்கோட்டில் ஒற்றையாக இருப்பவை நங்கூரத்துக்கோ, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக்கோ, பெரிய பாய்க்கோ உரியவையாக இருக்கும்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். நாணயம் வேண்டாம். நம் ஐம்பது சென் நாணயமே இரண்டு அளவுகளில் புழங்குகிறது.

பெயர்களே குழப்புகின்றன. குறைந்தபட்சம் எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

பாயை மேலே ஏற்றும் கயிறு ஹாலியார்ட். ஏற்றிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஷீட். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் அசையாத கம்பி ஸ்டே. தளத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்கு வேலை செய்கின்றன. கயிற்றின் திசையை மாற்றுவது கப்பி, இழுப்பது வின்ச், கட்டி வைப்பது கிளீட், உரசாமல் வழிநடத்துவது ஃபேர்லீட், எதையாவது மாட்டுவதற்கான நிலையான வளையம் பேட்-ஐ. இவ்வளவு போதும்.

பெயர் தெரியாத ஒரு பொருள் எதற்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக இழுக்கப்பட்டது என்று கேளுங்கள். இதற்கு விடை தெரிந்தால் பெயர் தானாக வந்து சேரும். தளத்துக்கு மேலே தெரிவதைவிட அடியில் தெரிவது அதிகம் சொல்லும். அறைக்குள் போய், கூரையின் உள்தகட்டை விலக்கி, அதன் போல்ட்கள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். அகலமான உலோகத் தகட்டிலோ தடித்த பலகையிலோ முடிந்தால், அது பெரிய இழுவையைத் தாங்கப் பொருத்தப்பட்டது. போல்ட்களுக்குக் கீழே தகட்டோடு நின்றுவிடாமல், அங்கிருந்து ஒரு இரும்புக் கம்பி இறங்கிப் படகின் உடற்சுவரில் சேர்ந்தால், அது பாய்மரக் கம்பிக்கானது என்பதில் ஐயம் வேண்டாம். வெறும் மரத்திருகாணிகள் மட்டும் என்றால் கூடாரத் துணியையோ கொடியையோ கட்டியிருப்பார்கள்.

அடுத்தது தேய்மானம். பழைய வெண்கலக் கண்ணியின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால், ஒரு பக்கத்தில் மட்டும் வழுவழுப்பான பள்ளம் தட்டுப்படும். கயிறு அந்தப் பக்கமாகத்தான் ஓடியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு மெல்லிய நூலைப் பதித்து, அது காட்டும் திசையில் இழுத்துக்கொண்டே போங்கள். நூல் ஒரு வின்ச்சிலோ, பாய்மரத்தின் அடியிலோ, பாயின் மூலை வந்து நிற்கும் இடத்திலோ போய் முடியும்.

வின்ச் இருந்தால் இன்னொரு துப்பும் உண்டு. மேலிருந்து பார்க்கும்போது வின்ச்சின் உருளை வலஞ்சுழியாக மட்டுமே சுழலும். கயிறும் சற்றுக் கீழிருந்து மேலேறி அதற்குள் வர வேண்டும். ஒரு கண்ணியிலிருந்து பிடித்த நூல் மேலிருந்து கீழாக வின்ச்சுக்கு வருகிறது என்றால், அந்த இரண்டும் ஜோடியல்ல.

பக்கவாட்டில் தண்டவாளம்போல நீளமாக ஓர் உலோகப் பட்டை. வரிசையாகத் துளைகளும் இருக்கின்றன. உள்ளே தள்ளி இன்னொன்று ஏன்?

வெளிப்பட்டை ஜெனோவா எனப்படும் பெரிய முன்பாய்க்கு. அதன்மேல் கப்பியுடன் ஒரு சிறு வண்டி நகரும். ஒரு முள் துளையில் இறங்கி அதை நிறுத்தும். பாயைச் சிறிதாக்கினால் வண்டியை முன்னால் தள்ள வேண்டும். உள்பட்டை சிறிய முன்பாய்க்கு. காற்றுக்கு எதிராக நெருங்கி ஓடும்போது பாயை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இழுப்பார்கள்.

குறுக்குவாட்டில், உட்காரும் குழிக்கு அருகில் இருக்கும் பட்டை பெரிய பாயின் ஷீட்டை இடமும் வலமும் நகர்த்த. பாய்மரத்தின் முன்முகத்தில் மேலும் கீழுமாக ஓடும் பட்டை, ஸ்பின்னேக்கர் எனப்படும் பலூன்போன்ற முன்பாயின் கழிக்கு. வண்டி தொலைந்துபோயிருந்தால், பட்டையின் மேல்தலை அகலத்தை மில்லிமீட்டரில் அளந்த பிறகே புதியது வாங்குங்கள். பழையவை 1 அங்குலம், 1¼ அங்குலம் என்று இருக்கும். 25, 32 மில்லிமீட்டர் வண்டிகள் ஏறலாம், ஆனால் விளிம்பின் தடிமன் வேறுபட்டால் இறுகி நின்றுவிடும்.

அண்ணா, பின்தளத்தில் ஒரு வட்டத் தகடு. இரண்டு சிறு குழிகள் மட்டும் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் மூடிதானே?

இருக்கலாம், அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து உபானில் ஓர் ஆசிரியை இதே கேள்வியைத் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டார். மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். அடியில் குழாய் எதுவும் இல்லை. மசகு பூசிய ஒரு வெண்கலத் தண்டின் தலை தெரிந்தது; வட்டத் தண்டு, தலை மட்டும் சதுரமாகச் சீவப்பட்டிருந்தது. அது சுக்கானின் தண்டு. சுக்கான் சக்கரத்தின் கேபிள் அறுந்தால், இந்தச் சதுரத் தலையில் ஒரு இரும்புக் கழியைச் செருகிக் கையாலேயே படகைத் திருப்பலாம். அந்தக் கழியை அவர் பழைய இரும்புக்குப் போடுவதற்காகத் தனியே எடுத்து வைத்திருந்தார். உங்கள் படகின் அறைகளிலும் ஒரு முனையில் சதுரத் துளையுள்ள, காரணம் புரியாத குழாய் ஒன்று கிடக்கலாம். எறியாதீர்கள்.

இதே போன்ற மூடிகள் குடிநீர், டீசல், கழிவுத்தொட்டி ஆகிய மூன்றுக்கும் உண்டு. மேல் எழுத்துகள் தேய்ந்திருந்தால் ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே தொட்டிவரை போய்ப் பாருங்கள். எழுத்துகள் தெளிவாக இருந்தாலும் ஒருமுறை இதைச் செய்யுங்கள். முன் உரிமையாளர் தொட்டியை மாற்றிவிட்டு மூடியை மாற்றாமல் விட்டிருக்கலாம். குடிநீர்த் தொட்டிக்குள் போன டீசலின் வாடையை எளிதில் போக்க முடியாது.

முன்முனையில் குட்டையான கனத்த தூண், பக்கத்தில் வளைந்த மூக்குள்ள குழாய், நாக்குபோல ஒன்று. இவை?

மூன்றும் நங்கூரக் குடும்பம். தூண் நங்கூரக் கயிற்றையோ இழுவைக் கயிற்றையோ கட்ட. நல்ல படகில் அது தளத்தோடு நிற்காமல் அடிப்பகுதிவரை இறங்கியிருக்கும். வளைந்த குழாய் சங்கிலி உள்ளறைக்குள் இறங்கும் வழி. நாக்கு சங்கிலியை உள்ளே வரவிடும், வெளியே ஓடவிடாது. ஜெரெஜாக் தீவின் பக்கம் நங்கூரமிட்டு நீரோட்டம் திரும்பும்போது அந்த நாக்கின் அருமை தெரியும்.

அங்கேயே கறுப்பு ரப்பர் மூடிய இரண்டு வட்டப் பொத்தான்கள் இருந்தால், அவை நங்கூரத்தை இழுக்கும் மின்பொறியின் கால்விசைகள். பேட்டரி இணைப்பு இருக்கும்போது விரல்களைச் சங்கிலியிலிருந்து விலக்கி வையுங்கள்.

மரப்பெட்டியின் மேல் கொம்புபோல ஒன்று நிற்கிறது. இன்னொரு இடத்தில் தடித்த கண்ணாடிக் கட்டி பதித்திருக்கிறது. வேறொரு இடத்தில் தொப்பிபோட்ட குழாய். அலங்காரமா?

எதுவும் அலங்காரம் அல்ல. கொம்பும் பெட்டியும் சேர்ந்தது டொரேட் காற்றுவழி. ஓலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1930-இல் கடலில் இறக்கப்பட்ட படகின் பெயரால் வழங்குகிறது. கொம்பு வழியாக வரும் காற்றும் அலைநீரும் பெட்டிக்குள் விழுகின்றன. அறைக்குள் போகும் குழாயின் வாய் பெட்டியின் தரையைவிட உயரமாக இருப்பதால் நீர் ஓரத் துளைகளில் வடிந்துவிடுகிறது, காற்று மட்டும் இறங்குகிறது. நம் ஊர் புழுக்கத்தில் இதைவிடப் பயனுள்ள பொருள் தளத்தில் வேறில்லை. ஒழுகுகிறது என்று சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அடைபட்டிருப்பது அந்த ஓரத் துளைகள்தான்.

கண்ணாடிக் கட்டி அறைக்குள் பகலொளி இறக்க. தொப்பிபோட்ட குழாய், குளிர்நாட்டிலிருந்து வந்த படகில் அடுப்பின் புகைபோக்கி. இங்கே அதற்கு வேலை இல்லை. அடுப்பை எடுத்துவிட்டால் துளையைப் பின்னால் சொல்லும் முறையில் மூடலாம்.

பாய்மரத்தில் ஒரு வின்ச். உருளையில் கயிறு இல்லை, எஃகுக் கம்பி சுற்றியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு பிடி. எப்படி இயக்குவது?

எதையும் தொடுவதற்கு முன் இந்தப் பதிலை முழுவதும் படியுங்கள். இது ரீல் வின்ச். பாயேற்றும் கம்பி முழுவதும் உருளையிலேயே சுற்றிக்கொள்ளும். பக்கத்துப் பிடி அதன் பிரேக். கைப்பிடி செருகியிருக்கும்போது பிரேக்கைத் தளர்த்தினால், பாயின் எடை உருளையைத் தலைகீழாகச் சுழற்ற, கைப்பிடியும் அதே வேகத்தில் சுழலும். மணிக்கட்டு முறியும், முகத்தில் பட்டால் இன்னும் மோசம். பாயை இறக்கும்போது கைப்பிடியை முதலில் உருவி எடுத்துவிட்டுப் பிறகே பிரேக்கைத் தொட வேண்டும். பிரேக்கில் எண்ணெய் படவே கூடாது.

நான் இதை மாற்றிவிடச் சொல்வேன். தளத்தில் இருப்பவற்றில் கழற்று என்று தயங்காமல் சொல்வது இது ஒன்றைத்தான். சாதாரண வின்ச்சும் கயிறும் போதும். ஆனால் பாய்மரத்தின் உச்சியிலுள்ள கப்பிச் சக்கரத்தையும் பாருங்கள்: கம்பிக்கான சக்கரத்தின் பள்ளம் ஒடுக்கமாக இருக்கும், அதில் கயிறு ஓடினால் ஓரங்கள் கடித்துவிடும். சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பூமின் முனையில், பாய்மரத்தோடு சேரும் இடத்தில், கைப்பிடி செருகும் துளை இருக்கிறது. அறையில் உருளைகள் வைத்த பெரிய வளையம் ஒன்றும் கிடைத்தது, ஒரு பக்கம் திறந்திருக்கிறது.

இரண்டும் ஒரே அமைப்பின் பகுதிகள். 1960, 70-களின் படகுகளில் காற்று வலுத்தால் பூமையே, அதாவது பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கழியையே, சுழற்றிப் பாயை அதன்மேல் கோரைப்பாயைப்போலச் சுருட்டுவார்கள். துளையில் கைப்பிடி செருகினால் உள்ளே பல்சக்கரம் பூமைச் சுழற்றும். சுழலும் பூமில் ஷீட்டை நேரடியாகக் கட்ட முடியாது என்பதால், சுருண்ட பாயைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் அந்த உருளை வளையத்தில் கட்டினார்கள்.

பிற்காலத்தில் பாயைக் கயிற்றால் மடித்துக் கட்டும் முறை மீண்டும் பரவி இதை ஓரங்கட்டிவிட்டது. பாயில் அதற்கான கண்ணிகள் இருந்தால் அந்த முறைக்குப் போய்விடலாம். இல்லாவிட்டால் வளையத்தை வைத்திருங்கள். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று இறங்கும்போது பாயைக் குறைக்க அது ஒன்றே வழி.

முன்தளத்தின் நடுவில் கனமான வளையம். அதில் எந்தக் கயிறும் வருவதில்லை. காலில் இடித்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்துவிடலாமா?

முதலில் மூன்றாம் கேள்விக்குச் சொன்னபடி அடியில் பாருங்கள். கம்பியோ தடுப்புச்சுவரோ அதைப் படகின் உடலோடு பிணைத்திருந்தால், அது உள்முன்கம்பியைக் கட்டும் இடம். காற்று வலுக்கும்போது பாய்மரத்திலிருந்து அந்தக் கம்பியை இறக்கி இங்கே மாட்டி, சிறிய புயல்பாயை அதில் ஏற்றுவார்கள். மற்ற நேரங்களில் கம்பி பாய்மரத்தின் பக்கத்தில் சாய்த்துக் கட்டியிருக்கும். நீங்கள் அதை ஏதோ உதிரிக் கம்பி என்று நினைத்திருக்கலாம்.

இதற்குத் துணையாகப் பின்பக்கம் இருபுறமும் இரண்டு வலுவான வளையங்கள் இருக்கும். உள்முன்கம்பி பாய்மரத்தின் நடுப்பகுதியை முன்னால் இழுக்கும்போது, அவற்றிலிருந்து போகும் கம்பிகள் பின்னால் இழுத்துச் சமன் செய்யும். முன்னதை வைத்துக்கொண்டு பின்னவற்றை எடுத்தால் பாய்மரம் வளையும். காலில் இடிப்பதுதான் தொல்லை என்றால், வளையத்தை மட்டும் கழற்றக்கூடிய மாதிரிக்கு மாற்றி அடித்தகட்டை விட்டுவிடுங்கள்.

பின்கம்பியில் இரண்டு இடங்களில் கட்டிபோல ஏதோ கோத்திருக்கிறார்கள். கம்பி அறுந்ததால் ஒட்டியதா?

இல்லை. அவை மின்காப்பிகள். இரண்டுக்கும் இடைப்பட்ட கம்பி நெடுந்தூர வானொலியின் ஆண்டெனா. வானொலி வேலை செய்கிறது என்றால், அது ஒலிபரப்பும்போது அந்தக் கம்பியைத் தொடாதீர்கள், தோல் பொசுங்கும்.

எந்த உலோகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? காந்தம் ஒட்டாவிட்டால் எஃகு இல்லைதானே?

காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. துருப்பிடிக்காத 316 எஃகில் காந்தம் ஒட்டாது, அல்லது வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். வெண்கலத்திலும் ஒட்டாது. பலமாக ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. குரோம் பூச்சு உரிந்த இடத்தில் மஞ்சள்பழுப்பு தெரிந்தால் உள்ளே வெண்கலமோ பித்தளையோ. பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாகி நொறுங்கும். அந்த நிறம் தெரிந்தால் எடை தாங்கும் இடத்தில் விட்டு வைக்காதீர்கள்.

பளபளக்கும் எஃகுதான் என்னைக் கவலைப்படுத்துவது. பாய்மரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தளத்தைத் துளைத்துப் போகும் எஃகுத் தகட்டில், ஈரம் தேங்கிக் காற்றுப் படாத அந்த நடுப்பகுதி மட்டும் உள்ளுக்குள் அரிக்கப்படும். மேலும் கீழும் கண்ணாடிபோல இருக்கும். தகட்டைச் சுற்றிப் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தால், பாய்மரத்துக்கு வேறு பிடிப்புக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள்.

பொருளில் நிறுவனப் பெயர் இல்லை. ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை.

வார்ப்பில் எழுந்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்புப்பட்டறையின் அச்சு எண். விற்பனை எண் அல்ல. 1970, 80-களில் தைவானில் கட்டிய படகுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அவற்றின் பொருள்கள் பலவும் அங்கேயே உள்ளூர்ப் பட்டறைகளில் மேற்கத்திய மாதிரியைப் பார்த்து வார்க்கப்பட்டவை. அவற்றுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. வின்ச்களில் பெயர் இருக்கும்: லூமார் இன்றும் உண்டு; பார்லோ, பேரியன்ட் இப்போது தயாரிக்கப்படுவதில்லை, பழைய உதிரிகளைத்தான் தேட வேண்டும்.

கடையில் வாங்கிய போல்ட் இரண்டு சுற்றுப் போகிறது, பிறகு இறுகிவிடுகிறது. ஓட்டையில் அழுக்கா?

அழுக்கை எடுத்த பிறகும் இறுகினால் மரை வேறு. பழைய பிரிட்டிஷ் படகில் விட்வொர்த் மரை, அமெரிக்கப் படகில் அமெரிக்க அங்குல மரை, தைவான் படகில் அங்குலமும் மெட்ரிக்கும் கலந்து. அரை அங்குல விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்க மரைக்கு 13. அதனால்தான் முதலில் போய்ப் பிறகு நிற்கிறது. கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 20 புரி என்பதால் நுழைந்துவிடும், ஆனால் பல்லின் கோணம் 55-க்கும் 60-க்கும் வேறுபடுவதால் பிடிப்பு முழுமையாக இருக்காது. மரை அளவி ஒன்று விலை அதிகமில்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாதது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. கழற்றித் துளையில் பசை அடைத்தால் போதாதா?

போதாது. பல ஃபைபர் படகுகளின் தளம் இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்தது. துளை வழியாக ஒரு சொட்டு நீர் தினமும் இறங்கினால் நடுமரம் சுற்றிலும் ஊறி மக்கிவிடும். சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் மரம் போய்விட்டது.

வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டித் துளைக்குள் சுழற்றி, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவிலுள்ள மரத்தைச் சிறிது குடைந்தெடுங்கள். ஈரம் நன்றாகக் காய விடுங்கள். நம் காற்றில் இதற்கு நாள்கள் ஆகும், அவசரப்படாதீர்கள். பிறகு கெட்டியாக்கிய எப்பாக்ஸியை நிரப்புங்கள். வேறு பொருளைப் பொருத்தப்போகிறீர்கள் என்றால் அந்த எப்பாக்ஸியின் நடுவில் புதிதாகத் துளையிட்டு, மேல்விளிம்பைச் சற்றுச் சரித்து, பியூட்டைல் எனப்படும் ரப்பர் ஒட்டுநாடாவை வைத்து இறுக்குங்கள். த்ரீ எம் 5200 போன்ற பசையை, மறுபடி கழற்றவே போவதில்லை என்ற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் தடவிய இடத்தில் பின்னர் வேறெதுவும் ஒட்டாது.

உடைந்த பாகம் எங்கே கிடைக்கும்?

வாங்குவதென்றால் லங்காவியைப் பாருங்கள். 1987 முதல் வரியில்லாத் தீவு, அதையொட்டிய ரெபாக் தீவில் படகைக் கரையேற்றும் இடமும் உண்டு. ஜார்ஜ்டவுனில் லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில் காலையிலேயே போனால் வெண்கலக் கப்பியும் கிளீட்டும் எப்போதாவது கண்ணில் படும். புஷ், முள், வண்டியின் அச்சு போன்றவற்றைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். பழையதை மாதிரியாகக் கொடுத்து, எது தேய்ந்த அளவு, எது மூல அளவு என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தேய்மானத்தையும் சேர்த்தே செய்து தருவார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இரண்டு மூன்று பொருள்கள் எதிலும் சேரவில்லை. முன் உரிமையாளர் தானே பொருத்தியதா?

அப்படித்தான் இருக்கும். ஜோடி இல்லாதது, போல்ட்களின் தலைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டது, அடியில் தகட்டுக்குப் பதிலாக வெறும் வாஷர் மட்டும் இருப்பது: இவை பின்னால் சேர்த்ததற்கான அடையாளங்கள். மீன்பிடிக் கழித் தாங்கி, வெயில்துணிக் கொக்கி, சோலார் பலகைக் கால் என்று பார்த்தால் பாதி தீர்ந்துவிடும்.

பின்விளிம்பில் நான்கு கனத்த போல்ட் துளைகளும், சுக்கான் சக்கரத்தை நோக்கித் திரும்பிய இரண்டு சிறு கப்பிகளும் இருந்தால் மட்டும் நில்லுங்கள். அங்கே காற்றின் திசையை வைத்துத் தானே படகைச் செலுத்தும் கருவி இருந்திருக்கிறது. விற்றவரின் கொட்டகையிலோ அறையின் அடியிலோ அதன் துடுப்பும் தகடும் இன்னும் கிடக்கலாம். அவருக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். புதிதாக வாங்கப் போனால் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும்.